மூன்று வரிசைப் புல்

புல்லைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. பண்டாரவளை ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடும்வரை வெளியே உட்கார்ந்திருந்த ஒரு நாள், சிமெந்து வெடிப்பில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அந்த வெடிப்புக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பதினெட்டு வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்தபோது என் கையில் முதலில் கொடுத்தது கொழுந்துக் கூடை அல்ல, சுரண்டி. தேயிலைக்கு இடையில் முளைக்கும் புல்லை அதனால் வேரோடு சுரண்டி எடுக்க வேண்டும். ஆளுக்கொரு நிரை. மாலையில் கங்காணி நிரை நிரையாக நடந்து வருவார். ஒரு புல் மிச்சம் கிடந்தாலும் போதும், "இது யாரு நெரை?" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கேட்பார். பதில் சொல்லத் தேவையில்லை. அத்தனை பேரும் திரும்பி நம்மைப் பார்ப்பார்கள். முதல் வாரத்தில் இரண்டு தடவை என் நிரையைப் பார்த்து அப்படிக் கேட்டார். அதன் பிறகு இருபத்திரண்டு வருடத்தில் கேட்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் அப்படித்தான். ஆனால் என் நிரையில் புல் கிடந்தது என்று ஒருவரும் சொல்ல முடியாது. இந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் குழியில் தள்ளியது.

எங்கள் டிவிஷன் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலேயே மலை நெட்டுக்குத்தாக ஏறும். ஒரு காலத்தில் அதில் தேயிலை இருந்தது. செடிகள் செத்து, காடு மண்டி, தோட்டமே கைவிட்ட மலை அது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மரக்கறி போடச் சொல்லி லயத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கால் ஏக்கர். மேல் மூலையில் நின்று ஒரு உருளைக்கிழங்கைக் கை தவறவிட்டால், லயத்து வாசலுக்குப் போய்த்தான் பொறுக்க வேண்டும். அவ்வளவு சரிவு.

கொடுத்தார்கள் என்றால் வாய்ப்பேச்சில்தான் கொடுத்தார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "எடுக்கச் சொன்னா எடுத்துருவோம், பாத்துக்குங்க" என்று கிளாக்கர் ஐயா முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் யாரும் அந்த மண்ணை நம்பி எதையும் செய்யவில்லை. கிண்டினோம், விதைத்தோம், மூன்று மாதத்தில் வருவதைப் பிடுங்கினோம். ஐப்பசி மழை வந்து மண்ணைக் கழுவிக்கொண்டு போய் எங்கள் லயத்துத் தண்ணீர் வடியும் கானில் கொட்டும். தீபாவளிக்கு மற்ற ஊர்க்காரர்கள் வாசலில் கோலம் போடுவார்கள். நாங்கள் வாசலில் சேறு அள்ளுவோம்.

முழங்கால் தேய்ந்து நான் தோட்ட வேலையை விட்ட வருடத்தில்தான் அரசாங்கத்தின் மண் காப்புத் திட்டம் எங்கள் மலைக்கு வந்தது. கூடவே வந்தவர் விவசாய அலுவலரான ஒரு சிங்களப் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். வெலிமடைப் பக்கம். வீட்டில் பரம்பரையாக உருளைக்கிழங்குச் செய்கை. காற்சட்டை, தொப்பி, ரப்பர் பூட்ஸ். தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி வரும், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டார். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். அவர் என்னை முதல் நாளிலிருந்தே அக்கா என்றார்.

மூன்று கம்புகளைக் கூரைச் சட்டம் மாதிரி ஆணி அடித்து, உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிட்டு மிஸ் ஒரு கருவி செய்தார். அதைச் சரிவில் குறுக்கே நிறுத்துவார். நூல் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அங்கே ஒரு குச்சி. பிறகு ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுற்றி அடுத்த மட்டம், அடுத்த குச்சி. லயத்து ஆட்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் நான் அந்தக் கருவியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். எந்த வேலையையும் பிறர் செய்யப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. சாயங்காலத்துக்குள் எங்கள் துண்டில் மூன்று வரிசைக் குச்சிகள் மலையைக் குறுக்காகச் சுற்றி நின்றன.

அந்த மூன்று வரிசையிலும் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைத் தொடக்கூடாது. அதுதான் சட்டம். பக்கத்துத் துண்டுக்காரர்களுக்கு அந்த வரிசையில் நட வெட்டிவேர் நாற்று கிடைத்தது. என் முறை வந்தபோது நாற்று தீர்ந்துபோயிருந்தது. பரவாயில்லை, தானாக முளைக்கும் புல்லே போதும், அதை அப்படியே விடுங்கள் என்றார் மிஸ். மேலேயிருந்து வரும் தண்ணீரை அந்தப் புல் நிறுத்தும், மண் அங்கேயே தங்கும், நாலைந்து வருடத்தில் சரிவு படிபடியாக மாறும் என்று விளக்கினார்.

"மண்ணு போனா திரும்பி வராது அக்கா," என்றார். "புல்லு வந்தா வரட்டும்."

முதல் தடவை வந்தபோது அலவாங்கு, மண்வெட்டி, போஞ்சி விதை, கூட்டெரு எல்லாம் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து பார்ப்பார்கள். வரிசைகள் ஒழுங்காக இருந்தால் ஒரு கடிதம் தருவார்கள். அரசாங்கமும் தோட்டமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதம். இந்தத் துண்டில் இன்னார் ஐந்து வருடத்துக்குப் பயிர் செய்யலாம், அதுவரை யாரும் எடுக்க முடியாது என்று அதில் இருக்கும். வரிசை இல்லையென்றால் துண்டு அடுத்த குடும்பத்துக்குப் போகும். காத்திருக்கும் குடும்பங்கள் யார் யார் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கடிதத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இன்றும் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார். நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பரா தோட்டத்தினுடையது. இருபத்திரண்டு வருடம் நான் விடிய எழுந்து பெரட்டுக் களத்தில் நின்று, இன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டவள். இந்தக் கால் ஏக்கரில்தான் முதன்முதலாக நானே எனக்குப் பெரட்டு வைத்தேன். இன்றைக்குப் போஞ்சிக்குக் கம்பு ஊன்றலாம், நாளைக்கு லீக்ஸ் பாத்தி போடலாம் என்று காலையில் தேத்தண்ணீர் குடித்தபடி நானே முடிவு செய்வேன். அந்த ருசி கண்ட பிறகு அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கடிதத்தில் என் பெயரே இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

போஞ்சி நன்றாக வந்தது. புல் அதைவிட நன்றாக வந்தது. மூன்று வரிசையிலும் மானாப்புல்லும் இன்னும் பெயர் தெரியாத பத்து வகையும் இடுப்பளவுக்கு வளர்ந்து, காற்றடித்தால் போஞ்சிக் கொடியின் மேல் சாய்ந்தன. பக்கத்துத் துண்டில் வெட்டிவேர் வகிடெடுத்த மாதிரி அழகாக நின்றது. அந்தத் துண்டுக்காரி என்னோடு ஒரே கூட்டத்தில் கொழுந்தெடுத்தவர். சொந்தம் இல்லை, ஆனாலும் எனக்கு அவர் மதினிதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"என்னா மதினி, போஞ்சிக்கு நடுவுல மாடு வளக்கப் போறீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது கங்காணி கேட்ட கேள்வி மாதிரி விழுந்தது. இது யாரு நெரை? அன்றிலிருந்து அந்தப் புல்லைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் என் புல்லைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும்.

புரட்டாசிக் கடைசியில், வியாழக்கிழமை மிஸ் வருகிறார் என்று தகவல் வந்தது. இந்த இடத்தில் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய துரையோ, கொழும்பிலிருந்து வேறு பெரிய ஆட்களோ மலை பார்க்க வந்தால், அதற்கு முந்தின நாள் யாருக்கும் கொழுந்தெடுக்கும் வேலை கிடையாது. கான் சுத்தம், படி சுத்தம், ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. துரை நடக்கிற பாதையில் ஒரு புல் தெரியக்கூடாது. அவர் போன மறுநாள் எல்லாம் பழையபடி ஆகும். வேலை என்பது ஒன்று, காட்டுவது என்பது வேறொன்று. சின்ன வயதிலிருந்து இப்படித்தான் பழகியிருக்கிறோம்.

புதன்கிழமை காலையில் நான் சுரண்டியை எடுத்தேன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவர் வாசலில் நின்று, மிஸ் அதைத் தொட வேண்டாம் என்றுதானே சொன்னார் என்று இழுத்தார். வளரத்தான் விடச் சொன்னார், வளர்ந்தாகிவிட்டது, அதிகாரி வருகிற நாளில் காடு மாதிரியா வைத்திருப்பது, புல்தானே, ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும் என்று மூச்சு விடாமல் பொரிந்தேன். அவர் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளதைச் சொன்னால் அந்த நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை பழசை மறக்கவில்லை. முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டேன். மேல் வரிசையில் தொடங்கி, வேர் மிச்சம் வைக்காமல், குத்துக் குத்தாக எடுத்து உதறிக் குவித்தேன். இடைஞ்சலாக நின்ற குச்சிகளையும் பிடுங்கினேன். மூன்று மணிக்கெல்லாம் மலை கழுவிவிட்ட அம்மியாட்டம் செம்மண் தெரியத் துடைத்துக் கிடந்தது. தைப்பொங்கலுக்குச் சுவரடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து, ஏறும் வழியில் கிடந்த கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்தேன். மதினி தன் துண்டிலிருந்து பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மிஸ் முதலில் மதினியின் துண்டைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் வந்தார். வெள்ளைக் கற்களைக் கண்டு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு படி ஏறியதும் நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"புல்லு எங்க அக்கா?"

"எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு மிஸ்," என்றேன். நான் அதைச் சொன்ன தோரணை இன்றைக்கும் நினைவிருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னேன்.

மிஸ் முந்தின நாள் நான் வெள்ளையடித்த கல்லிலேயே உட்கார்ந்தார். காற்சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியதைக் கவனிக்கவும் இல்லை. மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். வெலிமடையில் அவருடைய அப்பாவின் தோட்டமும் இப்படித்தான் புல் பூண்டு இல்லாமல் துப்புரவாக இருக்குமாம். ஒரு ஐப்பசியில் விதைக் கிழங்கும் மண்ணும் சேர்ந்து கீழ்த்தோட்டக்காரருடைய காணிக்கு இறங்கிவிட்டதாம். அப்பா அங்கே போய் ஒரு வாரம் கிழங்கு பொறுக்கினார் என்றார். அந்த மண் மட்டும் கடைசிவரை திரும்பி வரவில்லையாம்.

எனக்கு விளங்க ஆரம்பித்தது. விளங்க விளங்கக் கோபமும் வந்தது. நான் பிழை செய்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். புல்தானே, வந்துவிடும் என்று கணவரிடம் சொன்னதையே அவரிடமும் சத்தமாகச் சொன்னேன். மிஸ் பூட்ஸ் நுனியால் மண்ணை லேசாகத் தள்ளிக் காட்டினார். வேரே இல்லை. இவ்வளவு நன்றாக யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை என்றார். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அந்த மண்ணை அள்ள முந்தின நாள் முழுக்க உழைத்திருந்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வரிசைகள் இருக்கின்றனவா, ஆம், இல்லை. மிஸ் பேனாவை அதன் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பேனாவை மூடினார். ஹல்துமுல்லைப் பக்கத்து வேலை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம். கடைசி நாளில் திரும்ப வருவாராம்.

"அன்னைக்கும் இல்லாட்டி நான் இல்லைன்னுதான் எழுதணும் அக்கா," என்றார். "பொய் எழுத ஏலாது."

பொய் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் மனதுக்குள் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணவர் வேலை முடிந்து வந்தார். விஷயம் அதற்குள் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லுவார், நானும் நாலு திட்டி அழுது முடிக்கலாம் என்று அடுப்படியில் காத்திருந்தேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். பொறுக்க முடியாமல், மனசில் இருப்பதைச் சொல்லித் தொலைக்கும்படி கத்தினேன்.

"என்னத்தச் சொல்ல," என்றார். "எந்தப் பக்கம் புல்லு நல்லா இருக்குன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்போதுதான் அழுதேன். அவரைக் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் மேல் அவ்வளவு அன்பு வந்த நாள் வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. விடிந்ததும் இருவரும் மண்வெட்டியோடு ரோட்டோர மேட்டுக்குப் போனோம். அங்கே மானாப்புல் அடர்ந்து கிடக்கும். வேரும் மண்ணும் சேர்ந்து பாளம் பாளமாக வெட்டினோம். தூக்கிச் செல்ல, பரணில் கிடந்த என் பழைய கொழுந்துக் கூடையை எடுத்து வந்திருந்தேன். இரண்டாவது நடையில் மதினி எதிரே வந்தார். தலையில் அவருடைய கூடை, அதற்குள் வெட்டிவேர். தன் வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு குத்தைப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார்.

"அன்னைக்கு நான் வாய வச்சிருக்கக் கூடாது மதினி," என்றார்.

நானாக எடுத்த புல்லுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன். அவரைப் பார்த்து இன்னும் மூன்று நான்கு பெண்கள் கூடையோடு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை, கேலியோடுதான் வந்தார்கள். காலமெல்லாம் புல்லுப் பிடுங்கிய கையால் இன்றைக்குப் புல்லு நட வைத்துவிட்டாளே என்று ஒருத்தி. உரமும் போடலாமா என்று இன்னொருத்தி. அந்த வழியாக வந்த கங்காணி, இப்போதைய கங்காணி, நின்று விவரம் கேட்டார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தன் மலையிலும் நிறையப் புல் இருக்கிறது, அதையும் தயவுசெய்து அள்ளிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டார். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது.

குச்சிகளைப் பிடுங்கி எறிந்திருந்தேன் அல்லவா, மட்டம் மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று கம்பு, ஒரு நூல், ஒரு கல். நானே ஆணி அடித்தேன், நானே பிடித்து நடந்தேன். எனக்குப் பின்னால் பெண்கள் பாளங்களை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து மிதித்துக்கொண்டே வந்தார்கள். மேல் வரிசையில் வெட்டிவேர், மற்ற இரண்டிலும் மானா. அன்றிலிருந்து காலையும் மாலையும் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். முழங்கால் என்னை வைதது, நான் அதை வைதேன். மானாப்புல் முதல் வாரம் முழுக்கக் காய்ந்து பழுத்தது. எட்டாம் நாள் ஒரு குத்தின் நடுவில் பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை அப்படியே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

பதினோராம் நாள் மத்தியானம் மழை வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கணவர் தூர மலையில் வேலையில் இருந்தார். நான் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே ஓடினேன். பின்னால் மதினியும் வந்தார். இருவரும் நடுவில் நின்று பார்த்தோம், செய்வதற்கு வேறொன்றும் இல்லை. மேலே கைவிடப்பட்ட காட்டிலிருந்து தண்ணீர் செம்மண்ணாக இறங்கி வந்து முதல் வரிசையில் முட்டியது. நின்றது. நிஜமாகவே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லின் இடுக்கு வழியே கசிந்து, அவசரமில்லாமல் கீழே நடந்தது.

இரண்டாம் வரிசையில் ஒரு இடம் பிய்த்துக்கொண்டது. இரண்டு பாளங்கள் புரண்டு உருள, அந்த வாயால் தண்ணீர் பாய ஆரம்பித்தது. ஓடிப்போய்க் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கல் கொண்டுவரும்படி கத்தினேன். மதினி கைக்குக் கிடைத்த கற்களைத் தூக்கித் தூக்கிக் கொண்டுவந்தார். எல்லாம் நான் வெள்ளையடித்த படிக் கற்கள். ஒவ்வொன்றாக அந்த வாயில் அடுக்கி, உருண்ட பாளங்களை மேலே வைத்து, மழை ஓயும்வரை இருவரும் மாறி மாறி மிதித்துக்கொண்டு நின்றோம். மூன்றாம் வரிசை அசையவில்லை.

மழை விட்டதும் கீழே இறங்கி லயத்துக் கானைப் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாகத்தான் ஓடியது, ஆனால் அடியில் சேறு படியவில்லை. திரும்ப மேலே ஏறினேன். மேல் வரிசைக்கு முன்னால் ஒரு விரல் கனத்துக்கு மாவு போல் மெல்லிய மண் தேங்கிக் கிடந்தது. நம் மண் நம்மிடமே நின்றுவிட்டது. அதில் ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். எனக்கு அப்படி ஒரு நிறைவு.

சொன்ன நாளில் மிஸ் வந்தார். அன்றைக்குக் கணவர் லீவு போட்டிருந்தார். மிஸ் மூன்று வரிசையையும் நடந்து பார்த்தார். இரண்டாம் வரிசையின் நடுவில் பல் மாதிரி வெள்ளைக் கற்கள் தெரிவதைக் கண்டு விவரம் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் புல்லையே பார்த்தார். அவர் யோசித்தது எனக்குப் புரிந்தது. வேர் பிடித்த புல்லா, முந்தாநாள் வெட்டிக் கொண்டுவந்து கண்ணுக்கு ஊன்றிய புல்லா? கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தவளை யார்தான் நம்புவார்கள்?

"அக்காதானே இங்க புல்லு எடுக்குறதுல கெட்டிக்காரி," என்றார். "நீங்களே ஒரு குத்தை இழுங்க."

இரண்டாம் வரிசையில், கற்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குத்தைக் காட்டினார். எல்லாவற்றிலும் நோஞ்சானான இடம் அதுதான். நான் குனிந்தேன். இருபத்திரண்டு வருடம் செய்த வேலை. அடியில் பிடித்து, அரைச் சுற்றுத் திருகி, குதிகாலை ஊன்றிச் சாய்த்து இழுத்தால் வராத புல் கிடையாது. திருகாமல் இழுத்தால் வராது. அந்த வித்தியாசம் மிஸ்ஸுக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியும், வேலியோரம் நின்ற மதினிக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

நான் திருகினேன். குதிகாலை ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் போட்டு இழுத்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு புல்லிடம், வந்துவிடாதே என்று கெஞ்சிக்கொண்டு இழுத்தேன். மானாவின் ஓரம் உள்ளங்கையைக் கீறியது. புல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், இது மிஸ்ஸுக்காக அல்ல. அப்போதும் வரவில்லை.

மிஸ் பேனாவைத் திறந்து கட்டத்தில் ஆம் என்பதற்குச் சரி போட்டார். அடுத்த வரியில், பயிர் செய்பவர் யார், அண்ணனா அக்காவா, எந்தப் பெயரை எழுதட்டும் என்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. கணவர் வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மதினி என் பெயரைச் சொன்னார். அதையேதான் எழுத வேண்டும் என்று கணவரும் சொன்னார். மிஸ் எழுத்துக்கூட்டி எழுதி முடிக்கும்வரை நான் அந்தப் புல்லைப் பிடித்த பிடியை விடவில்லை.